ஏற்காட்டு மலைப்பாதையும் இணையப் பக்கத்தின் அகலமும்

மே மாதம், ஏற்காட்டில் கோடை விழா. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்க்கக் கூட்டம், ஏரியில் படகுக்கு நீண்ட வரிசை, சாலையோரமெல்லாம் மிளகாய் பஜ்ஜி வாசனை. ஏரிக்கரை பெஞ்சில் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெங்களூரிலிருந்து காரில் வந்தவர். கையில் புத்தகம் போல மடித்து விரிக்கிற செல்பேசி. மற்றவர் சேர்வராயன் மலையில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர். காப்பித் தோட்டத்தில் வேலை. கையில் பட்டன் வைத்த ஜியோபோன். திடீரென்று மழை பிடித்துக்கொள்கிறது. இருவரும் ஒரே விஷயத்தைத்தான் தேடுகிறார்கள்: சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதை திறந்திருக்கிறதா?

முதலாமவரின் செல்பேசி 2019ல் இந்தியாவுக்கு வந்த சாம்சங் கேலக்ஸி ஃபோல்டு. அப்போதைய விலை 1,64,999 ரூபாய். இரண்டாமவரின் ஜியோபோன் 2017ல் வந்தது. 1,500 ரூபாய் டெபாசிட் கட்டினால் கையில் கொடுத்தார்கள், அதுவும் திருப்பித் தரக்கூடிய டெபாசிட். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் ஃபோல்டை விரிக்காமல் மடித்தபடியே பார்த்தால், அதன் வெளித்திரை உலாவியின் கணக்கில் 280 புள்ளி அகலம். ஜியோபோனின் திரை 240 புள்ளி. வித்தியாசம் வெறும் 40.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரப்போகின்றன.

(புள்ளி என்பது இங்கே திரையில் மின்னும் நிஜப் புள்ளி அல்ல, உலாவி அளக்கும் அளவு. 2010ல் ஐபோன் 4 வந்தபோது நிஜப் புள்ளிகள் அகலத்தில் 320லிருந்து 640 ஆகிவிட்டன. உலாவி மட்டும் அதைத் தொடர்ந்து 320 என்றே எண்ணியது. இல்லாவிட்டால் இருந்த பக்கங்களெல்லாம் பாதியாகச் சுருங்கி எறும்பு எழுத்தாகியிருக்கும்.)

ஒவ்வொரு வருடமும் ஒரு புதுத் திரை வருகிறது. மடிக்கும் திரை, கைக்கடிகாரத் திரை, காரின் முன்பலகைத் திரை. வந்தவுடன் 'இணைய வடிவமைப்பையே இது மாற்றப்போகிறது' என்று நாலு கட்டுரைகளும் வந்துவிடும். இதில் ஒரு பாதி உண்மை. மாற்றுகிறது. ஆனால் இந்தப் புதுத் திரைகள் புதிதாக எதையும் கேட்கவில்லை. மலிவான செல்பேசிக்காரர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்ததையே கேட்கின்றன. இப்போது கேட்கிறவர் ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கியவர் என்பதால் காது கொடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

*

கொஞ்சம் பழைய கதை.

பிரவுசிங் சென்டர் காலம் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். பழைய பெட்டி மானிட்டர், 800க்கு 600 திரை. இணையதளத்தின் அடியில் 'இன்ன உலாவியில், 800க்கு 600 அளவில் பார்த்தால் நன்றாகத் தெரியும்' என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வருகிற விருந்தாளியிடம் 'எங்கள் நாற்காலி உயரம் இவ்வளவு, அதற்கேற்ற உயரத்தில் வாருங்கள்' என்று சொல்வது மாதிரி. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

ஜான் ஆல்சாப் என்கிற ஆஸ்திரேலியருக்கு மட்டும் தெரிந்தது. 2000 ஏப்ரலில் 'எ லிஸ்ட் அபார்ட்' இணைய இதழில் 'எ டாவ் ஆஃப் வெப் டிசைன்' என்று ஒரு கட்டுரை எழுதினார். அச்சுத் தாளில் வடிவமைப்பாளருக்கு இருக்கிற பிடியை இணையத்தில் தேடாதீர்கள், அகலம் தெரியாமல் இருப்பது இணையத்தின் குறை அல்ல, அதன் இயல்பே அதுதான் என்பது அவர் வாதம். எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு மறுபடி நிலையான அகலத்திலேயே பக்கம் கட்டினார்கள்.

2007ல் ஐபோன். திரை அகலம் 320. இருக்கிற பக்கங்களோ பெரிய மானிட்டருக்கானவை. ஆப்பிள் ஒரு தந்திரம் செய்தது. உலாவி தன்னை 980 புள்ளி அகலம் என்று பொய் சொல்லிக்கொண்டது. முழுப் பக்கத்தையும் அந்த அகலத்தில் வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டியது. வேண்டிய இடத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாம். அந்தப் பொய் வேண்டாம் என்று பக்கமே சொல்வதற்குத்தான் 'வியூபோர்ட்' என்கிற ஒற்றை வரிக் குறிப்பு வந்தது. இன்றைக்கும் அந்த ஒரு வரியை மறந்துவிட்டு 'பக்கம் ஏன் செல்பேசியில் குட்டியாகத் தெரிகிறது' என்று ராத்திரி ரெண்டு மணிக்கு மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் மாணவர்கள் எல்லா விடுதியிலும் உண்டு :-)

2010 மே 25. அதே 'எ லிஸ்ட் அபார்ட்' இதழில் ஈதன் மார்காட் எழுதிய கட்டுரைதான் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்று இதற்குப் பெயர் வைத்தது. திரைக்கேற்ப தன்னைச் சரிசெய்துகொள்ளும் பக்கம். மூன்று சாமான்கள் போதும் என்றார்: விகிதத்தில் நீளும் கட்டங்கள், கட்டத்துக்குள் சுருங்கும் படங்கள், திரை அகலத்தைக் கேட்டுப் பார்த்து விதியை மாற்றும் மீடியா குவரி. செல்பேசிக்குத் தனி முகவரியில் இன்னொரு தளம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் மெதுவாக இந்தப் பக்கம் வந்தார்கள். மெதுவாக வராதவர்களை 2015 ஏப்ரல் 21 அன்று கூகுள் ஓட வைத்தது. செல்பேசிக்கு ஏற்ற பக்கங்களுக்குச் செல்பேசித் தேடலில் முன்னுரிமை என்று அன்று முதல் நடைமுறை. நல்ல யோசனை பல வருடமாகச் செய்ய முடியாததைத் தேடலில் பின்தங்கும் பயம் ஒரே மாதத்தில் செய்தது!

ஆனால் இந்த ஓட்டத்தில்தான் ஒரு தப்பு நுழைந்தது. பக்கம் எந்தெந்த அகலத்தில் உருமாற வேண்டும் என்பதற்கு எல்லோரும் மூன்று எண்களைப் பிடித்துக்கொண்டார்கள். 320, 768, 1024. முதலாவது ஐபோனின் அகலம். மற்ற இரண்டும் 2010ல் வந்த ஐபேடின் அகலமும் உயரமும். அதாவது 800க்கு 600 என்கிற பழைய சட்டத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மூன்று புதுச் சட்டங்களை மாட்டினார்கள். பக்கத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எந்தக் கம்பெனியின் கருவி என்றுதான் கேட்டார்கள்.

ஃபோல்டு இந்தப் பழக்கத்தின் மேல்தான் கல்லைப் போட்டது. மூடினால் 280. எந்தச் சட்டத்திலும் வராத எண். 320க்குக் கீழே உலகமே இல்லை என்று நினைத்துக் கட்டிய பக்கங்கள் வலது பக்கம் பிதுங்கின. விரித்தால் சின்ன ஐபேட் மாதிரி ஒரு திரை. அதிலும் பாதியில் வரைபடம், பாதியில் உலாவி என்று பிரித்து வைத்தால் இன்னொரு எண். அதோடு, பாதி படித்துக்கொண்டிருக்கும்போதே திரையின் அகலம் மாறுகிறது! 'இது எந்தக் கருவி' என்கிற கேள்விக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது.

அதனால் கிடைத்த நன்மையையும் சொல்ல வேண்டும். முழுத்திரையின் அகலத்தைப் பார்க்காமல், ஒரு பெட்டி தான் உட்கார்ந்திருக்கும் இடத்தின் அகலத்தை மட்டும் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் 'கன்டெய்னர் குவரி'யை வடிவமைப்பாளர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2022ல் குரோமிலும் சஃபாரியிலும், 2023 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸிலும் வந்து சேர்ந்தது. முகவரிப் பட்டை தோன்றி மறையும்போது பக்கத்தின் உயரம் குதிக்கிற தொல்லைக்குப் புது அளவுகள் வந்தன. திரையின் மேல் விளிம்பைக் கடித்து வைத்திருந்த 2017ன் ஐபோன் எக்ஸால், ஓரத்தில் எவ்வளவு இடம் பத்திரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி வந்தது. விலை உயர்ந்த கருவிகளுக்காக வந்தவைதான். ஆனால் ஒரு தடவை உலாவிக்குள் வந்துவிட்டால் ஏழாயிரம் ரூபாய் செல்பேசிக்கும் அதுதான்.

*

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் இன்னொரு கிளை உண்டு.

'ரெஸ்பான்சிவ்' என்று பெயர் வைப்பதற்கு முன்பே தமிழை இரண்டு அங்குலத் திரையில் படித்தவர்கள் இருந்தார்கள். அந்தக் காலச் செல்பேசியில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. ஆபரா மினியைப் போட்டு, அதன் முகவரிப் பட்டையில் ரகசிய அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு என்கிற ஒரு விருப்பத்தை மாற்ற வேண்டும். அப்புறம் எங்கோ இருக்கிற ஆபராவின் சர்வர் தமிழ் எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பும். பக்கம் முழுவதும் ஒற்றைப் பத்தியாக வந்து இறங்கும். பக்கவாட்டில் நகர்த்தவே வேண்டாம். இந்த விருப்பத்தை மாற்றுவது எப்படி என்று எத்தனை பேர் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்! பக்கம் கட்டியவர் செய்யாததை உலாவி செய்தது, உலாவி தானாகச் செய்யாததை வாசகர் செய்துகொண்டார்.

இப்போது எழுத்துருச் சிக்கல் தீர்ந்துவிட்டது. அகலச் சிக்கல் தீரவில்லை. காரணம் தமிழ்ச் சொல்லின் நீளம்.

ஆங்கிலத்தில் வாங்கிய ஒரு டெம்ப்ளேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஐந்து தலைப்புகள்: ஹோம், அபௌட், ரூம்ஸ், கேலரி, காண்டாக்ட். ஆங்கிலத்தில் ஒரே வரியில் அழகாக உட்காரும். அதையே முகப்பு, எங்களைப் பற்றி, அறைகள், படங்கள், தொடர்புக்கு என்று மாற்றினால் வரி மடங்கி, இரண்டாவது வரி கீழே இருக்கிற படத்தின் மேல் ஏறிக்கொள்ளும். ஆறெழுத்து 'சப்மிட்' பட்டனுக்கு எடுத்த இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' நுழையாது. 'அறிவிக்கப்பட்டிருக்கிறது' என்று ஒரு சொல். 14 எழுத்து. அரசுச் செய்திகளில் சாதாரணமாக வருவது. தலைப்பாக 28 புள்ளி அளவில் வைத்தால் 280 புள்ளித் திரைக்குள் அடங்குவது சந்தேகம். நடுவில் இடைவெளி இல்லாததால் உலாவிக்கு எங்கே மடிப்பது என்று தெரியாது. ஒன்று வலது பக்கம் பிதுங்கும், அல்லது கண்ட இடத்தில் வெட்டுப்படும்.

வரிகளுக்கு நடுவில் விடும் இடைவெளியும் அப்படித்தான். தமிழில் மேலே கொக்கி, கீழே சுழி. 'கீ'யின் தலையும் 'கூ'வின் வாலும் ஆங்கில எழுத்துக்கு எடுத்த இடைவெளியில் ஒன்றையொன்று முட்டும். எழுத்தளவில் ஒன்றரை மடங்காவது வரி உயரம் வேண்டும். இதெல்லாம் பெரிய ஆராய்ச்சி இல்லை. சோதித்துப் பார்க்கும்போது புரியாத லத்தீன் பத்தியைப் போட்டுப் பார்க்காமல் நிஜத் தமிழ்ச் செய்தி ஒன்றைப் போட்டுப் பார்த்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். டெம்ப்ளேட்டில் யாரும் பார்ப்பதில்லை.

'அட, 240 புள்ளித் திரையெல்லாம் இன்னும் யார் வைத்திருக்கிறார்கள்? எல்லாரும் தொடுதிரைக்கு வந்தாச்சு' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பதில் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. சாதாரண ஆண்ட்ராய்டு செல்பேசியின் அகலம் 360 புள்ளி. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் கண்ணாடி போட மனசில்லாமல் எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வைத்திருக்கிறார். சொற்களைப் பொறுத்தவரை அவர் திரையின் அகலம் 360 வகுத்தல் ஒன்றரை... 240! ஜியோபோன் போய்விடலாம். 240 போகாது. அது ஒவ்வொரு வீட்டிலும் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது.

உலக அளவில் இதற்கு ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. டபிள்யூ3சியின் அணுகல் விதிகள், 2018 ஜூனில் வந்த 2.1 பதிப்பு, 320 புள்ளி அகலத்தில் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்கிறது. ஐபோனுக்காக வைத்த எண் அல்ல. 1280 புள்ளி மானிட்டரில் கண் பார்வை குறைந்த ஒருவர் நாலு மடங்கு பெரிதாக்கினால் கிடைக்கும் அகலம் அது. மானிட்டரில் பெரிதாக்கிப் பார்ப்பவரும் சின்னத் திரையில் பார்ப்பவரும் ஒரே ஆள்தான் என்று அந்த விதிக்குத் தெரிந்திருக்கிறது.

*

சரி, ஏரிக்கரைக்குத் திரும்பலாம். மழை நிற்கவில்லை.

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை. இந்தப் பாதைகள்தான் மலைக்கு மூச்சுக்குழாய். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது கடற்கரை மட்டுமல்ல, உள்மாவட்டங்களும் தண்ணீரில் தவித்தன. டிசம்பர் தொடக்கத்தில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. அப்படிப்பட்ட நாளில் பிரசவத்துக்குச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறங்க வேண்டிய குடும்பத்துக்கும், சரக்கு ஏற்றிய லாரி டிரைவருக்கும், மறுநாள் பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கும் தேவைப்படுவது ஒரே ஒரு வரி. எந்தப் பாதை மூடியிருக்கிறது, எதில் போகலாம், எப்போது வரை.

அந்த ஒரு வரி எந்த வடிவத்தில் வருகிறது என்பதுதான் விஷயமே.

மாவட்ட இணையதளங்கள் இப்போது மோசமில்லை. தேசிய தகவலியல் மையம் 'எஸ்3வாஸ்' என்கிற பொது அமைப்பில் மாவட்டத் தளங்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. சேலமும் அதில்தான். தளத்தின் சட்டகம் செல்பேசிக்கு ஒழுங்காகச் சுருங்குகிறது, தமிழும் உண்டு. மத்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிகளும் 2009ல் தொடங்கி 2023ல் மூன்றாம் பதிப்புக்கு வந்துவிட்டன. ஆனால் அந்த ஒழுங்கான சட்டகத்துக்குள் அறிவிப்பு என்று ஒன்றைத் தட்டினால் பெரும்பாலும் திறப்பது ஒரு பிடிஎஃப். பல சமயம் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, ஸ்கேன் செய்த தாள்.

ஏ4 தாள்! 210 மில்லிமீட்டர். மடிக்கும் திரை, கடிகாரத் திரை என்று பேசுகிற எல்லோரும் மறந்துபோகிற திரை இதுதான், இருப்பதிலேயே பிடிவாதமானதும் இதுதான். எந்த அகலத்துக்கும் வளையாது. 240 புள்ளியில் அதைப் படிக்க வேண்டுமானால் பெரிதாக்கி, இடமிருந்து வலம் தள்ளி, வரியின் முடிவைப் பார்த்துவிட்டு, மறுபடி இடது பக்கம் வந்து அடுத்த வரியைத் தேட வேண்டும். ஈரக் கையோடு, மழையில், சிக்னல் ஒரு கட்டை இருக்கும் இடத்தில். மார்காட்டின் கட்டங்களும் ஆப்பிளின் வியூபோர்ட்டும் கன்டெய்னர் குவரியும் அந்தத் தாளின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்க வேண்டியதுதான்.

இதற்கு எதிரே என்ன இருக்கிறது? வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் ஒரு செய்தி. வெறும் எழுத்து. வடிவமைப்பு என்று எதுவும் கிடையாது. அதனாலேயே அது எந்தத் திரையிலும் மடங்கி உட்காருகிறது. ஜியோபோனிலும் தெரிந்தது (2018ல் ஜியோபோனுக்கும் வாட்ஸ்அப் வந்திருந்தது), ஃபோல்டிலும் தெரிகிறது. உலகத்திலேயே கச்சிதமான ரெஸ்பான்சிவ் பக்கம் அந்த ஃபார்வர்ட்தான். ஆனால் எழுதியது யார், எப்போது எழுதியது, நேற்றைய மழையா போன வருடத்து மழையா என்று எதுவும் தெரியாது. சரியான செய்தி படிக்க முடியாத வடிவத்திலும், சந்தேகமான செய்தி படிக்கச் சுலபமான வடிவத்திலும் இருந்தால் எது ஜெயிக்கும்? ஜனங்கள் வதந்தியை நம்புகிறார்கள் என்று குறை சொல்வதற்கு முன்னால் பிடிஎஃப் போட்டவர்கள் அதை ஒரு தடவை தங்கள் செல்பேசியிலேயே திறந்து பார்த்திருக்கலாம்.

இத்தனைக்கும் தீர்வுக்கு டெண்டர் விட வேண்டியதில்லை. பிடிஎஃப் இருக்கட்டும், அலுவலகக் கோப்புக்கு அது தேவை. அதற்கு மேலே அதே விஷயத்தை நாலு வரித் தமிழாகத் தட்டச்சு செய்து, தேதியும் நேரமும் போட்டால் போதும். எந்த ஸ்டைலும் இல்லாத வெறும் எழுத்துப் பக்கம் பிறக்கும்போதே எந்த அகலத்துக்கும் மடங்கும். அதை மடங்காமல் செய்வதற்குத்தான் ஆட்களை வைத்து வேலை பார்க்க வேண்டியிருக்கிறது!

*

செய்தி படிப்பதோடு முடிந்தால் பரவாயில்லை. படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. அந்த உத்தரவு ஏற்காட்டைத் தொடவில்லை. ஆனால் மலைப்பாதையின் தொடக்கம் ஒரு இணையப் படிவத்துக்குள் போய்விட முடியும் என்பதை அது காட்டியது. அடிவாரத்தில் காரை ஓரம் கட்டி, பின் சீட்டில் குழந்தை அழ, செல்பேசியில் பெயர், வண்டி எண், எத்தனை பேர் என்று நிரப்புகிற காட்சியை யோசித்துப் பாருங்கள். அங்கே ஒரு பெட்டி விசைப்பலகைக்குப் பின்னால் மறைந்துகொண்டால் அது வடிவமைப்புப் பிரச்சினை அல்ல, போக்குவரத்துப் பிரச்சினை.

பொறியியல் கலந்தாய்வு இன்னும் கனமான உதாரணம். 2018ல் ஆன்லைனுக்கு மாறியது. அதற்கு முன்னால் மலைக் கிராமத்து மாணவர் அப்பாவோடு சென்னைக்கு ரயிலேறி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அந்தச் செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம், நல்ல மாற்றம்தான். உதவி மையங்களும் உண்டு. ஆனால் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்த வரிசை என்று விருப்பப் பட்டியல் போடும் வேலையைப் பல வீடுகளில் ஒரு செல்பேசியில்தான் செய்கிறார்கள். பல பத்திகள் கொண்ட அட்டவணையைச் சின்னத் திரையில் காட்டும்போது கடைசிப் பத்தி திரைக்கு வெளியே நின்றுவிட்டால், ஒரு பிள்ளை நாலு வருடம் எங்கே படிக்கும் என்பது அந்த வெளியே நின்ற பத்தியில் இருக்கலாம்.

ஃபோல்டு கற்றுக்கொடுத்த ஒரு பாடம் இங்கே அப்படியே பொருந்துகிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரையின் அளவு மாறலாம், மாறினாலும் நிரப்பியது அழியக்கூடாது என்பதுதான் அந்தப் பாடம். மடிக்காத சாதாரண ஐந்து அங்குலச் செல்பேசியிலும் விசைப்பலகை எழும்பியவுடன் பாதித் திரை போய்விடுகிறது. போனை லேசாகச் சாய்த்தால் குறுக்குவாட்டில் திரும்பிக்கொள்கிறது. நடுவில் அத்தை அழைக்கிறார். திரும்பி வந்தால் படிவம் காலி. மடிக்கும் திரைக்காரருக்காக இதைச் சரிசெய்கிறவர்கள் சரிசெய்யட்டும், கீழே இருப்பவருக்கும் சேர்ந்தே சரியாகும்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரு விதி தெரியும். குறுகலான இடத்தில் எதிரெதிரே வந்துவிட்டால், இறங்குகிற வண்டி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். ஏறுகிறது பழைய டவுன் பஸ்ஸாக இருக்கலாம், இறங்குகிறது புத்தம்புதுக் காராக இருக்கலாம். வண்டியின் விலையை யாரும் கேட்பதில்லை. பாரம் இழுத்துக்கொண்டு வருகிற வண்டி ஒரு தடவை நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம், இறங்குகிற வண்டிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதுதான் காரணம். இணையப் பக்கத்தில் பாரம் இழுப்பது யார்? மெதுவான சிக்னல், சின்னத் திரை, பெரிய எழுத்து, நீளமான தமிழ்ச் சொல். நின்றுபோனால் மறுபடி கிளம்ப முடியாதவர் அவர்தான். ஃபோல்டுக்காரருக்கு விரித்துக்கொள்ள இன்னொரு திரை இருக்கிறது.

*

'எங்கள் ஹோம்ஸ்டேக்கு வருகிறவர்கள் எல்லாம் ஐபோன்காரர்கள், அவர்களுக்குப் பெரிய படம் பிரம்மாண்டமாகத் தெரிந்தால் போதும்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கிலேயே இது நஷ்டம். பகோடா பாயின்ட்டிலிருந்து எடுத்த ஐந்து எம்பி படத்தை முகப்பில் முழு அகலத்துக்கு வைத்தால், வளைவில் காருக்குள் உட்கார்ந்து வழி கேட்கத் தளத்தைத் திறக்கிறவருக்கு முதலில் தெரிவது வெறும் வெள்ளைத் திரை. தொலைபேசி எண் அந்தப் படத்துக்குக் கீழே இருக்கிறது. திரை அகலத்துக்கேற்ற அளவில் படத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் வசதி பத்து வருடத்துக்கு மேலாக உலாவிகளில் இருக்கிறது. ஒரே படத்தை மூன்று அளவில் சேமித்து வைக்க ஒரு காப்பி குடிக்கும் நேரம்கூட ஆகாது. ஐபோனாக இருந்தாலும் மூடுபனிக்குள் சிக்னல் எல்லாருக்கும் ஒன்றுதான்.

கடிகாரத் திரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2018லிருந்து ஆப்பிள் கடிகாரத்திலும் இணையப் பக்கம் ஓரளவு திறக்கிறது. அதில் யாரும் படிவம் நிரப்பப் போவதில்லை. அதில் தெரிகிற அளவுக்கு எளிமையான பக்கம் எங்கேயும் தெரியும் என்பதற்கு வேண்டுமானால் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கல்லூரி பிராஜெக்ட்களைப் பற்றி. வருடா வருடம் இறுதியாண்டில் யாராவது ஒரு குழு சுற்றுலாத் தளமோ பஸ் நேரத் தளமோ கட்டுகிறது. ரிவ்யூ நடப்பது புரொஜெக்டரில், 1920 புள்ளி அகலத்தில், கல்லூரி வைஃபையில், ஆங்கிலத்தில். 'ரெஸ்பான்சிவா?' என்று சார் கேட்டால் உலாவி ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துக் காட்டுவார்கள். கட்டங்கள் நடனமாடும். எல்லோரும் தலையாட்டுவார்கள். மார்க் விழும். அடுத்த ரிவ்யூவில் யாராவது ஒருவர் அந்த ஜன்னலை 240க்கு இழுக்கச் சொல்லி, எழுத்தை ஒன்றரை மடங்கு ஆக்கச் சொல்லி, 'சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் போக்குவரத்து தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது' என்கிற வரியைத் தலைப்பில் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டுப் பார்க்கட்டும்.